சுருட்டின் தரம் சொல்லுவார் யார்?

ஆங்கில மொழிக்குத் தமிழ் ஈந்த சொற்கள் எவை என்று கேட்டால், கட்டுமரத்தையும் மிளகுத்தண்ணீரையும் உடனே சொல்லிவிடுகிறோம். அந்த வரிசையில் தவறாது இடம்பெற வேண்டிய இன்னொன்று சுருட்டு. ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியான 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி, 'செரூட்' என்ற ஆங்கிலச் சொல் தமிழின் 'சுருட்டு' என்பதன் வழிவந்தது என்று தெளிவாகவே குறிக்கிறது. இரு முனைகளும் வெட்டுண்டு திறந்திருப்பது செரூட்; ஒரு முனை மூடப்பட்டு, புகைக்குமுன் நறுக்கப்பட வேண்டியது சிகார். ஆங்கில வழக்கு இப்படிப் பிரித்துக்கொண்டது. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். சுருட்டுகின்ற தொழிலே சுருட்டப்பட்ட பொருளுக்கும் பெயராயிற்று.

சொல்லைக் கொண்டுபோனவர்கள் பொருளையும் கொண்டுபோனார்கள். கூடவே, அதன் தரம் இன்னது என்று சொல்லும் உரிமையையும் எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் திருச்சிச் சுருட்டின் பெருமையைப் பேச வருகிற எவரும் வின்ஸ்டன் சர்ச்சிலின் பெயரையோ ஷெர்லாக் ஹோம்ஸின் பெயரையோ சொல்லாமல் பேசுவதில்லை. விசேஷ நாளுக்கென்று எடுத்துவைக்கப்படும் உயர்ந்த சுருட்டு எது, அது உயர்ந்தது என்று எதைக் கொண்டு தீர்மானித்தார்கள், தீர்மானித்தவர்கள் யார் என்பதையே இங்கே நாம் சற்று விரிவாகப் பார்க்க விரும்புகிறோம்.

பிரம பத்திரம்

புகையிலை நம் மண்ணில் தோன்றியதன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக இந்தியா வந்த பயிர். சங்க நூல்களில் அதற்குப் பெயரில்லை. 'புகை' என்றும் 'இலை' என்றும் இருந்த பழஞ்சொற்களை இணைத்துப் பெயர் வைத்துக்கொண்டோம். வந்த வேகத்தில் அது தமிழ் வாழ்வில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்குச் சீனிச்சர்க்கரைப் புலவர் பாடிய 'புகையிலை விடு தூது' சான்று. உ.வே.சாமிநாதையர் பதிப்பித்துத் தந்த சிற்றிலக்கியம் அது. அன்னத்தையும் கிளியையும் மேகத்தையும் தூதுவிட்ட மரபில், பழனி முருகனிடம் புகையிலையைத் தூதனுப்புகிறது அந்நூல்.

அதில் ஒரு கதை உண்டு. மும்மூர்த்திகளுக்குள் ஒரு வழக்கு. தேவர் சபை மூவருக்கும் ஒவ்வோர் இலையைக் கொடுத்து, மறுநாள் கொண்டுவரச் சொல்கிறது. சிவனிடமிருந்த வில்வத்தைக் கங்கை அடித்துச் செல்கிறது. திருமாலிடமிருந்த துளசியைப் பாற்கடல் கொண்டுபோகிறது. நான்முகன் தன் இலையைக் கலைமகளிடம் கொடுத்து வைத்ததால் அது தப்பிவிடுகிறது. மற்றவை போயின, பிரமன் இலை 'போகையிலை' என்கிறது சபை. போகாத இலையே புகையிலை ஆயிற்றாம். சொற்சிலம்பம்தான். எனினும், வந்து சில தலைமுறையே ஆன ஓர் அயற்பயிருக்குப் புராணப் பிறப்பும் 'பிரம பத்திரம்' என்ற பட்டமும் கொடுத்துத் தன் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்ட தமிழ் மனத்தை அதில் காணலாம்.

புலவர் தூது விட்ட பழனிக்கு அருகிலேயே, திண்டுக்கல்லைச் சுற்றிய சீமையில், தமிழ்நாட்டின் பேர்பெற்ற சுருட்டுப் புகையிலை விளைந்தது. வட்டக்கப்பல், ஊசிக்கப்பல் என இரண்டு இரகங்கள் அங்கே பெயர் பெற்றிருந்தன. இலை திண்டுக்கல்லினுடையது, சுற்றிய கை பெரும்பாலும் திருச்சியை ஒட்டிய உறையூரினுடையது, பெயர் மட்டும் 'திருச்சினாப்பள்ளிச் சுருட்டு' என்று வழங்கிற்று. உறையூர் என்றதும் கோப்பெருஞ்சோழனை நினைக்கும் நம் மாணவர்களுக்கு, அவ்வூரின் பிற்காலப் புகழ் நூலிலும் சுருட்டிலும் நிலைபெற்றது என்று சொன்னால் வியப்பாக இருக்கும்.

நல்ல சுருட்டு எப்படி அமைகிறது?

தரத்தைப் பேசுமுன் அமைப்பை அறிந்துகொள்வது நல்லது. ஒரு சுருட்டுக்குள் மூன்று பகுதிகள். நடுவே நீளவாக்கில் அடுக்கப்படும் உள்ளிலை; அதைப் பிடித்து நிறுத்தும் கட்டு இலை; எல்லாவற்றுக்கும் மேலே போர்த்தப்படும் மேலிலை. காரம் பெரும்பாலும் உள்ளிலையிலிருந்து வருகிறது. கண்ணுக்கும் உதட்டுக்கும் முதலில் தட்டுப்படுவது மேலிலை. ஆகவே அது நரம்பு பருக்காமல், கிழிசலின்றி, மெல்லியதாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருக்க வேண்டும். நம் நாட்டு இலை தடிப்பும் காரமும் உள்ளது. ஐரோப்பியச் சந்தைக்குச் சுருட்டுச் செய்த நிறுவனங்கள் ஜாவா, சுமத்ராத் தீவுகளின் மெல்லிய இலையைத் தருவித்து மேலே சுற்றின. உள்ளே திண்டுக்கல், வெளியே சுமத்ரா.

பறித்த இலையை வெயிலில் உலர்த்திக் குவியலாக அடுக்கிப் புழுங்க விடுவார்கள். குவியலின் உட்புறம் சூடேறும். பிரித்து, மேலதைக் கீழாகவும் கீழதை மேலாகவும் மாற்றி அடுக்க வேண்டும். இந்தப் புழுக்கத்தில்தான் இலையின் அம்மோனிய நெடி கழிந்து, கமறல் தணிந்து, மணம் தேறுகிறது. அவசரப்பட்டுப் புழுக்கத்தைக் குறைத்த இலை எவ்வளவு நேர்த்தியாகச் சுற்றினாலும் தொண்டையைப் பிடிக்கும். யாழ்ப்பாணத்தில் முறை வேறு: அங்கே புகையிலைக்குத் தென்னம்பொச்சுப் புகை காட்டுவார்கள், சுருட்டுக்குரிய இலையில் 'கோடா' என்னும் பதநீரைப் பூசுவார்கள். ஒரே சொல், ஒரே பொருள். கடல் தாண்டியதும் மணம் மாறிவிடுகிறது.

மண்ணுக்கும் பங்குண்டு. இலையில் பொட்டாசியம் மிகுந்தால் தீ அணையாமல் சீராக எரியும். குளோரைடு மிகுந்தால் தீ நிலைக்காது. கரிந்து கருஞ்சாம்பல் தரும். உவர்நீர்க் கிணறு பாய்ந்த நிலத்து இலையை மெல்லுவதற்கு விரும்பியவர்களும் சுருட்டுக்கு அதை ஒதுக்கினார்கள். திண்டுக்கல்லை அடுத்த வேடசந்தூரில் 1948இல் ஆய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது இத்தகைய கேள்விகளை அறிவியல் வழியில் ஆராயத்தான். அதற்கு நெடுங்காலம் முன்பே உழவர் இதைக் கிணற்று நீரின் சுவையைக் கொண்டு அறிந்திருந்தனர்.

ஸ்பானியப் பெயரில் ஒரு திண்டுக்கல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருச்சிச் சுருட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகும் பண்டமாயிற்று. மெட்ராஸில் 1863இல் தொடங்கிய ஸ்பென்சர் நிறுவனம், யூஜின் ஓக்ஷாட் காலத்தில் பெருவளர்ச்சி கண்டு, திண்டுக்கல்லில் சொந்தச் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. மவுண்ட் ரோட்டிலிருந்த அதன் மாளிகையில் மதுவும் மருந்தும் மட்டுமல்ல, பெட்டி பெட்டியாகச் சுருட்டும் விற்றது. அம்மாளிகை 1980களில் தீக்கிரையாயிற்று; அந்த இடத்தில் ஸ்பென்சர் பிளாசா எழுந்தது.

லண்டனில் ஸ்ட்ராண்ட் தெருவில் கடை வைத்திருந்த பியூலே நிறுவனம் நம் ஊர்ச் சுருட்டை 'ஃப்ளோர் தெ திண்டுக்கல்' என்ற பெயரில் விளம்பரம் செய்து விற்றது. 'திண்டுக்கல்லின் மலர்' என்பது பொருள். மொழி ஸ்பானியம். திண்டுக்கல்லில் ஸ்பானியம் பேசியவர் எவருமில்லை. உயர்ந்த சுருட்டு என்றால் கியூபாவின் ஹவானாவிலிருந்து வர வேண்டும், அதன் பெயரும் ஸ்பானியமாக இருக்க வேண்டும் என்று லண்டன் கனவான்கள் எண்ணினர். அந்த எண்ணத்துக்குத் தக்க திண்டுக்கல்லுக்கு வேடம் கட்டினார் வணிகர். பெயரில் இத்துணை சிரமம் எடுத்துக்கொண்டதே அச்சுருட்டு மட்டமானதன்று என்பதைக் காட்டுகிறது. அதே வேளையில், அது தன் பெயரிலேயே நின்று விலைபோக முடியாத நிலையில் இருந்தது என்பதையும் காட்டுகிறது.

சாம்பலால் அறிந்தவர்

ஆர்தர் கோனன் டாயில் எழுதி 1887இல் வெளியான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' நாவலில்தான் ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாகத் தோன்றுகிறார். அந்த முதல் வழக்கிலேயே, கொலை நடந்த அறையின் தரையிலிருந்து கொஞ்சம் சாம்பலைச் சேகரித்து, அதன் கருநிறத்தையும் செதில் செதிலான தன்மையையும் கொண்டு, கொலையாளி புகைத்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று முடிவு கட்டுகிறார். 1890இல் வந்த 'த சைன் ஆஃப் ஃபோர்' நாவலில், 140 வகைப் புகையிலைகளின் சாம்பல்களை வேறுபடுத்தித் தாம் ஓர் ஆய்வுநூல் எழுதியதாகச் சொல்லும்போதும் திருச்சியின் கருஞ்சாம்பலையே எடுத்துக்காட்டாகச் சுட்டுகிறார். கோதாவரி ஆற்றிடைத் தீவுகளில் விளைந்த 'லங்கா'ப் புகையிலையும் அங்கே பேசப்படுகிறது.

கதைதான், ஆனால் கதையாசிரியர் விளக்கம் எதுவும் தராமல் 'திருச்சினாப்பள்ளி' என்று எழுதிச் செல்ல முடிந்தது. லண்டனில் அச்சுருட்டு அத்துணை பழக்கமாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இதில் நுட்பமான ஒரு செய்தியும் உண்டு. சிகார் இரசிகர்களிடையே வெண்சாம்பல் நேர்த்தியின் அடையாளமாகக் கருதப்படுவது. கால்சியமும் மக்னீசியமும் சாம்பலை வெளுப்பாக்கும்; அது சுவையைத் தீர்மானிப்பதில்லை. ஹோம்ஸ் தரம் பார்க்கவில்லை, அடையாளம் பார்த்தார். ஆயினும் கருஞ்சாம்பல் என்ற அந்த அடையாளமே நாளடைவில் ஒரு குறையைப் போலப் பதிந்துவிட்டது.

சர்ச்சிலின் வாய்

அடுத்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். 1895இல் கியூபா சென்றார். அங்கேதான் அவருக்கு இருபத்தொன்று நிறைந்தது. ஹவானாச் சுருட்டின் மீதிருந்த ஈடுபாடு வாழ்நாள் முழுவதும் நீடித்தது. 1896 அக்டோபரில் நான்காம் ஹுஸ்ஸார் படைப்பிரிவோடு இந்தியா வந்து பெங்களூரில் தங்கினார். உறையூரில் ஃபென் தாம்சன் நிறுவனத்தார் செய்த 'லைட் ஆஃப் ஏஷியா' சுருட்டு அவருக்குப் பிடித்தமானது என்றும், திருச்சியிலிருந்து அவருக்குப் பெட்டிகள் அனுப்பப்பட்டன என்றும் திருச்சியில் இன்றளவும் பெருமையோடு சொல்லப்படுகிறது. அந்தப் பெயரும் எண்ணிப் பார்க்கத்தக்கது. எட்வின் ஆர்னால்டு 1879இல் புத்தர் வரலாற்றைப் பாடிய ஆங்கிலக் காவியத்தின் பெயர் அது. புத்தருக்குரிய பட்டம் சுருட்டுக்குச் சூட்டப்பட்டது.

உலகச் சந்தை சர்ச்சிலை வேறு விதமாக நினைவுகூர்கிறது. 7 அங்குல நீளமும் 47 என்ற வளைய அளவும் கொண்ட ஹவானா வடிவத்துக்கே 'சர்ச்சில்' என்று பெயர். வளைய அளவு என்பது குறுக்களவை அங்குலத்தின் 64இல் ஒரு பங்காக எண்ணுவது. 47 என்றால் முக்கால் அங்குலத்துக்குச் சற்றே குறைவு. அவர் பெயர் கியூபாவின் சுருட்டுக்குப் போயிற்று. அவர் புகைத்தார் என்ற கதை மட்டும் திருச்சிக்கு மிஞ்சிற்று. 'சர்ச்சில் விரும்பியது' என்று நம்மவர் சொல்லும்போதெல்லாம் நமக்கு ஓர் உறுத்தல் தோன்றுகிறது. ஒரு பண்டம் நல்லது என்பதற்கு அயலவர் வாயைச் சாட்சிக்கு அழைக்கும் பழக்கம் சுருட்டோடு நிற்பதில்லை. நம் இலக்கியத்துக்கே ஜி.யு.போப்பைச் சாட்சிக்கு அழைத்துத்தானே பழகியிருக்கிறோம்.

அபிராமபுரத்து மொட்டைமாடியில்

இதையெல்லாம் படித்துப் பேசிக்கொண்டிருந்த நம் நண்பர் குழுவுக்கு, ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு ஒன்று வாய்த்தது. குழுவில் மூத்தவருக்கு அபிராமபுரத்தில் அறுபதாம் கல்யாணம். அயல்நாட்டிலிருந்து வந்த மகன் தந்தைக்கென்று சர்ச்சில் அளவுள்ள கியூபச் சுருட்டு ஒன்று கொண்டுவந்திருந்தார். திருச்சிக்காரரான மற்றொரு நண்பர், போட்டிக்கென்றே உறையூர்ச் சுருட்டுக் கட்டு ஒன்றை வாங்கி வந்தார். பந்தி முடிந்து, சுற்றத்தார் கிளம்பிய பின், மாலையில் மொட்டைமாடியில் கூடினோம்.

நூறு மதிப்பெண்ணுக்குச் சுருட்டை அளக்கும் வழக்கத்தை 1992இல் நியூயார்க்கிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'சிகார் அஃபிசியனாடோ' இதழ் பரப்பியது. தோற்றமும் கட்டமைப்பும், சுவை, புகையும் தன்மை, மொத்தத்தில் மனத்தில் நிற்பது என்ற தலைப்புகளில் மதிப்பிடுவார்கள். எந்த நிறுவனத்தினது என்பது சுவைப்பவருக்குத் தெரியாதபடி பட்டையை நீக்கிவிடுவார்கள். நாமும் அவ்வாறே கியூபச் சுருட்டின் பட்டையைக் கழற்றினோம். கண்ணுக்கு முன்னால் பயனில்லை. இரண்டும் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்தன. ஒன்று எண்ணெய் தேய்த்தாற்போன்ற பழுப்பு, நரம்பு தெரியாத வழவழப்பு. மற்றது கருமை, சொரசொரப்பு, ஒரு முனையில் சற்றே பருமன்.

விரலால் அழுத்திப் பார்த்தோம். கியூபச் சுருட்டு முழு நீளமும் ஒரே இறுக்கம். உறையூர்ச் சுருட்டில் நடுவே ஓரிடம் நெகிழ்ந்திருந்தது. சென்னையின் கடற்காற்றில் சுருட்டு எளிதில் நமுத்துவிடும். 65 முதல் 70 விழுக்காடு வரையிலான ஈரப்பதத்தில் வைக்க வேண்டுமென்பது மேலைநாட்டார் விதி. அங்கே ஈரம் ஊட்டப் பெட்டி தேவை. இங்கே ஈரம் தாக்காமலும், வெப்பத்தில் புகையிலை வண்டு பொரிக்காமலும் காக்கவே பெட்டி தேவை. கட்டு நமுக்கக் கூடாதென்று நண்பர் அதைத் தகர டப்பாவில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"பத்த வெக்கறதுக்கு முன்னாடி சும்மா ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்க சார்" என்றார் அவர். தீயில்லாமல் இழுக்கும்போதே இலையின் மணம் நாவில் படும். கியூபத்தில் உலர்ந்த வைக்கோலும் மரப்பெட்டி வாசமும் தெரிந்தன. உறையூரில் வெயிலில் காய்ந்த மண்ணும், அதனடியில் பனைவெல்லத்தின் சாயலும் தெரிந்தன. தீ மூட்டியபின் ஒன்று மெல்லத் தொடங்கி, மூன்றில் ஒரு பங்கு கழிந்த பிறகு கொட்டை வறுத்த மணமும் காப்பிக் கசப்பும் காட்டி, கடைசியில் மிளகாக உறைத்தது. மற்றது எடுத்த எடுப்பிலேயே மிளகு. பிறகு அடங்கி, நடுவில் ஒரு கால்மணி நேரம் மிக நன்றாக இருந்தது, முடிவில் கமறிற்று.

"இவ்வளவு வேகமா இழுத்தா எதுவும் கமறத்தான் செய்யும். நிமிஷத்துக்கு ஒண்ணு போதும்" என்று மூத்தவர் நண்பரைத் தடுத்தார். அவர் சொன்னது சரி. சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. வாயில் தேக்கி விடுவதே முறை. அப்புகை காரத்தன்மை உடையதாதலால் நிகோடின் வாயின் உட்பரப்பு வழியாகவே உடலில் ஏறிவிடும். வேகமாக இழுத்தால் நெருப்பு சூடேறி, சுவை கருகிவிடும்.

சாம்பலையும் பார்த்தோம். கியூபம் வெண்சாம்பலாக ஓரங்குலம் உதிராமல் நின்றது. உறையூர் கருஞ்சாம்பல், செதில் செதிலாக உதிர்ந்தது. ஹோம்ஸ் சொன்னது பொய்யன்று. கட்டமைப்புக்கு மதிப்பெண் போட்டால் கியூபம் வெகு தூரம் முன்னே நிற்கும். சுவையில் அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. பக்குவமான இலையும் தேர்ந்த கையும் சேர்ந்தால் உறையூர் எதுவாக இருந்திருக்கும் என்பதை அந்தக் கால்மணி நேரம் காட்டிற்று.

அப்போது திருச்சி நண்பர் சொன்ன செய்திதான் நம் சிந்தனையை வேறு திசைக்குத் திருப்பியது. "எங்க ஊர்ல நல்ல சுருட்டுன்னா அது மனுஷனுக்கு இல்ல சார், சாமிக்கு" என்றார்.

முனியின் சுருட்டு

விசேஷ நாளுக்கென்று தமிழர் எடுத்துவைத்த சுருட்டு எது என்று தேடி லண்டன் வரை போய்விட்டு, பல்லவன் சாலையை நாம் மறந்திருந்தோம். சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே அங்கே பாடிகார்ட் முனீஸ்வரன் கோயில் இருக்கிறது. புதிதாக வண்டி வாங்கியவர்கள் மாலை சாற்றி, எலுமிச்சையைச் சக்கரத்தில் நசுக்கி, முனீஸ்வரனுக்குச் சாராயமும் சுருட்டும் படைக்கிறார்கள். மதுரை வீரன், கருப்பசாமி, முனியாண்டி, சுடலைமாடன் என எல்லைக் காவல் தெய்வங்கள் பலவற்றுக்கும் சுருட்டுப் படையல் உண்டு. மலேசியத் தோட்டங்களுக்குப் போன தமிழர் அங்கே முனியாண்டிக்கு எழுப்பிய சிறுகோயில்களிலும் சுருட்டு எரிகிறது.

மேலைநாட்டார் குழந்தை பிறந்தால், வெற்றி பெற்றால், ஓய்வு பெற்றால் உயர்ந்த சுருட்டைப் பற்றவைப்பர். நம்மவர் வேண்டுதல் நிறைவேறினால் பற்றவைத்துச் சாமிக்கு முன்னால் வைத்தனர். இரவெல்லாம் எல்லையில் விழித்திருக்கும் காவலனுக்கு உறக்கம் வாராதிருக்கத் துணை வேண்டும். தனக்குத் துணையானதையே அவனுக்கும் கொடுத்தான் குடியானவன். கள்ளும் கறியும் போலச் சுருட்டும் மனிதனின் விருப்பத்திலிருந்து தெய்வத்தின் விருப்பமாயிற்று.

அங்கேயும் தரம் பார்க்கப்படுகிறது. படைத்த சுருட்டு அணையாமல் சீராக எரிந்தால் சாமி ஏற்றுக்கொண்டார் என்பர். நடுவில் அணைந்தால் மனக்குறை. தீ நிலைத்தல், நேராக எரிதல், சாம்பல் நிற்றல் என்று மேலைநாட்டு இதழ்கள் மதிப்பெண் போடும் அதே குணங்கள் இங்கே தெய்வத்தின் சம்மதமாகப் படிக்கப்படுகின்றன. மட்டமான சுருட்டைச் சாமிக்கு வைக்க மனம் வராது. ஆகவே சுற்றுபவரும் வாங்குபவரும் தேர்ந்தெடுத்தே வைத்தனர்.

சுற்றிய கை

கனவான், துப்பறிவாளர், பிரதம மந்திரி, முனி என நால்வர் தீர்ப்பைக் கேட்டாயிற்று. விடுபட்டவர் சுற்றியவர். உறையூரிலும் திண்டுக்கல்லிலும் ஆணும் பெண்ணுமாகத் தரையில் அமர்ந்து, நாள் முழுவதும் இலையின் நடு நரம்பை உருவி, தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தி, உருட்டி, ஒரே அளவில் நறுக்கியவர்கள் அவர்கள். இலை பதமாக இருக்கிறதா என்பதை விரல் சொல்லும். உள்ளே அடுக்கு இறுகினால் இழுப்பு வராது, நெகிழ்ந்தால் சூடேறும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு எந்தக் கருவியிலும் இல்லை. பதம், கட்டு, இழுப்பு, காரம், கமறல், நமுப்பு என்று நாம் இக்கட்டுரையில் ஆண்ட சொற்கள் அனைத்தும் தொழில் செய்தவரும் புகைத்தவரும் பேச்சில் வழங்கியவை. சுருட்டைச் சுவைத்து எழுதும் ஆங்கில நூல்கள் கணக்கில் அடங்கா. தமிழில் இச்சொற்களைத் தொகுத்து வைத்த நூலொன்றை நாம் கண்டதில்லை.

தொழில் தேய்ந்ததற்குக் காரணங்கள் வெளிப்படை. 1910இல் கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு இம்பீரியல் டொபாக்கோ தொடங்கப்பட்டதை ஒட்டி இயந்திர சிகரெட் பரவிற்று. ஏழைகளுக்குப் பீடி மலிவாயிற்று. 1947க்குப் பிறகு சுருட்டை விரும்பி வாங்கிய வெள்ளை அதிகாரிகள் கப்பலேறினர். சிகரெட்டுக்கு ஐந்து நிமிடம் போதும். சுருட்டுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். அந்த ஒரு மணி நேரம் திண்ணையோடு சேர்ந்து போயிற்று.

இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அபிராமபுரத்திலிருந்து வடக்கே போனால் ஸ்பென்சர் இருந்த இடம். தெற்கே ஆற்றைக் கடந்தால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுக்காததால் தீங்கில்லை என்பது தவறான ஆறுதல். வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் வருவதற்குச் சுருட்டும் காரணமாகிறது. ஆந்திரக் கடலோரத்தில் ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பகுதிகளில் உழைக்கும் பெண்கள், அங்கே 'சுட்ட' எனப்படும் சுருட்டின் எரிமுனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கமும், அதனால் மேலண்ணத்தில் தோன்றும் புற்றும் மருத்துவ நூல்களில் நெடுங்காலமாகப் பதிவாகியுள்ளன. 2003இல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைப்பது நாடு முழுவதும் தடுக்கப்பட்டது. இவற்றை நாம் வரவேற்கிறோம். உறையூர்ச் சுருட்டு மீண்டும் ஊரெல்லாம் புகைய வேண்டும் என்பது நம் விருப்பமன்று.

நம் கவலை வேறு. ஒரு பண்டம் மறைவது வேறு. அதைப் பற்றிய அறிவு மறைவது வேறு. போர்வாள் செய்வதை விட்டுவிட்டோம், ஆனால் வாளின் உறுப்புகளுக்குரிய சொற்களை நிகண்டுகள் காத்துத் தந்தன. புகையிலைக்குப் புராணம் பாடிய மொழியில், அதைச் சுற்றிய கைகளின் சொல்லுக்கு நிகண்டு இல்லை. உறையூரில் இன்னும் எஞ்சியிருக்கும் முதிய தொழிலாளர் சிலரிடம் ஒரு குறிப்பேட்டோடு போய் அமர்ந்தால் இந்தக் குறையைத் தீர்த்துவிடலாம். திருச்சி, திண்டுக்கல், யாழ்ப்பாணம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த வாசக அன்பர்கள் இதை மேற்கொண்டால் தமிழுக்கு நல்லது. இலையை முகர்ந்து, விரலால் அழுத்தி, 'இது ஆகும், இது ஆகாது' என்று அவர்கள் ஒதுக்கும்போது என்ன சொல் சொல்கிறார்கள் என்று எழுதி வாருங்கள். சர்ச்சில் என்ன சொன்னார் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.